சாம்பல் வடசென்னைக்கு, வெந்நீர் யாருக்கு?

சென்னையின் குளியலறைகளில் கீசர் சூடாவதற்கான நிலக்கரி எண்ணூரில் இறங்குகிறது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் எரிகிறது. அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிகிறது. அந்த ஆற்றங்கரையில் வாழும் குடும்பம், பிள்ளை பெற்று வீடு திரும்பிய மகளுக்கு ஒரு அண்டா வெந்நீர் போட, சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று தூக்கிப் பார்க்கிறது.

இந்த நிலை தானாக வந்ததில்லை. கொள்கை வகுத்தவர்கள் இருக்கிறார்கள். வகுத்ததைக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

சூரிய வெந்நீர்க் கலன் நேற்று வந்த கருவி இல்லை. கறுப்புப் பூச்சுள்ள தகடு, அதில் ஓடும் செம்புக் குழாய், மேலே ஒரு கண்ணாடி, தகட்டைவிட உயரத்தில் சூடு கசியாத தொட்டி. சூடேறிய நீர் தானே மேலே போகும். குளிர்ந்த நீர் தானே கீழே வரும். மோட்டார் தேவையில்லை. மின்சாரம் தேவையில்லை. இரண்டு சதுர மீட்டர் தகடு இருந்தால் நாளொன்றுக்கு 100 லிட்டர் நீர் சூடாகும். பகலில் ஏறிய சூடு மறுநாள் விடியலிலும் குளிக்கப் போதுமானதாக இருக்கும். ஒழுங்காகப் பராமரித்தால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும்.

இஸ்ரேல் 1980இல் இதைப் புதிய வீடுகளுக்குச் சட்டமாக்கியது. பார்சிலோனா நகரம் 2000ஆம் ஆண்டில் கட்டாயமாக்கியது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பெங்களூரில் புது வீட்டுக்கு மின் இணைப்பு வேண்டுமானால் மாடியில் சூரிய வெந்நீர்க் கலன் இருக்க வேண்டும் என்று 2007இல் கர்நாடக அரசு ஆணையிட்டது. கலன் வைத்தவர்களுக்கு மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு 50 காசு தள்ளுபடியும் கொடுத்தது. இன்று பெங்களூரின் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் மாடிகளில் தகடுகள் தெரிகின்றன.

தண்டையார்பேட்டையில் அண்ணாந்து பாருங்கள். திருவொற்றியூரில் பாருங்கள். கறுப்பு நிறத் தண்ணீர்த் தொட்டிகள் தெரியும். துணிக்கொடி தெரியும். அதற்கு அப்பால் புகைபோக்கி தெரியும்.

தமிழ்நாட்டில் விதி இல்லையா? இருக்கிறது. சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்ட வளர்ச்சி விதிகளிலேயே சூரிய வெந்நீருக்குப் பிரிவு உண்டு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் மாடியில் சூரிய ஆற்றலுக்கான பிரிவு தொடர்கிறது. 2012 அக்டோபரில் வெளியான தமிழ்நாடு சூரிய ஆற்றல் கொள்கை இன்னும் ஒரு படி மேலே போனது. கட்டட விதிகளைத் திருத்திச் சூரிய வெந்நீர்க் கலனைக் கட்டாயமாக்குவோம் என்றது. கொதிகலன் வைத்திருக்கும் தொழிற்சாலைகள் நீரை முதலில் வெயிலில் சூடாக்கிக்கொள்ள வேண்டும் என்றது.

கொதிகலன்கள் வரிசையாக நிற்கும் இடம் மணலி. எண்ணூர். திருவொற்றியூர். அந்தக் கொள்கை முதலில் செயலுக்கு வந்திருக்க வேண்டிய இடம் இதுதான். எந்தெந்த ஆலை செய்தது? எந்த ஆலைக்கு அறிவிக்கை போயிற்று? யாருக்கு அபராதம் விதிக்கப்பட்டது? அரசு பட்டியலை வெளியிடட்டும்.

விதியை எழுதிவிட்டு உறங்குவது மாநில அரசுக்கு இயல்பு என்றும் சொல்லிவிட முடியாது. 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு எப்படி நடந்தது என்பது சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கிறது. அவசரச் சட்டம் வந்தது. கெடு வைத்தார்கள். செய்யாத வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்றார்கள். வார்டு வார்டாக அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். சில மாதங்களில் நகரத்தின் கூரைகளிலிருந்து குழாய்கள் தரைக்கு இறங்கின. அரசு நினைத்தால் நடக்கும். வெந்நீர் விஷயத்தில் அரசு நினைக்கவில்லை. அதுதான் குற்றம்.

மத்திய அரசின் பொறுப்பு இதைவிடக் குறைந்ததில்லை. 2010இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசியச் சூரிய ஆற்றல் இயக்கம், 2022ஆம் ஆண்டுக்குள் 2 கோடி சதுர மீட்டர் சூரிய வெப்பத் தகடுகள் என்று இலக்கு வைத்தது. மானியமும் கொடுத்தது. 2014இல் அந்த மானியம் நிறுத்தப்பட்டது. இலக்கு தாளில் நின்றது. பணம் நின்றுபோயிற்று.

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்தது. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். ஒரு கோடி வீடுகள். ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். அத்தனையும் மின்சாரம் எடுக்கும் தகடுகளுக்கு. வெந்நீர்க் கலனுக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது.

இது ஏழைக்கு எதிரான தேர்வு. மின்தகடு வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றும். வெந்நீர்த் தகடு பாதிக்குக் குறையாமல் வெப்பமாக மாற்றும். கூரை சிறியதாக இருக்கும் இடத்தில் இந்த வேறுபாடே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மின்தகட்டில் மின்சாரம் விளைவது நண்பகலில், கீசர் கேட்பதோ காலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் மாடியில் வெயில் இல்லை. அப்போது எரிவது அத்திப்பட்டின் நிலக்கரி. வெந்நீர்த் தொட்டி நேற்றைய வெயிலைச் சேர்த்து வைத்திருக்கிறது. தனி மின்கலம் தேவையில்லை. நீரே சேமிப்பு. இதை அறியாதவர்கள் எரிசக்தித் துறையில் இருக்க முடியாது. அறிந்தே விட்டிருக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 28 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் நீரை 58 டிகிரிக்குக் கொண்டுவர மூன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் எரிகிறது. ஆக, இரண்டரைக் கிலோ நிலக்கரி. அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். சில வாளி வெந்நீருக்கு முக்கால் கிலோவுக்கு மேல் சாம்பல். அது எங்கே போகிறது என்று அடையாறில் குளிப்பவர் அறிய வேண்டிய தேவை நேர்ந்ததில்லை. செப்பாக்கத்தில் இருப்பவர் தினமும் அறிகிறார். சாம்பல் குளம் அவர் வீட்டு வாசலில் இருக்கிறது.

எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி புகைபோக்கி வழியே போகிறது. குளிர்விக்கும் நீரோடு போகிறது. அந்தச் சூடான நீர் எண்ணூர்க் கழிமுகத்தில் விடப்படுகிறது. இறாலும் நண்டும் வாழ வேண்டிய கழிமுகத்துக்கு வெந்நீர் போகிறது. கழிமுகத்தில் கை துழாவி இறால் பிடித்தவர்களின் வீட்டுக்கு வெந்நீர் போகவில்லை.

1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. 450 மெகாவாட். 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதற்குள் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் இரண்டு கட்டங்கள் எழுந்துவிட்டன. வல்லூரில் 1,500 மெகாவாட் எழுந்துவிட்டது. 2024 மார்ச்சில் மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் திறக்கப்பட்டது. இன்று இந்தச் சின்னஞ்சிறு கடலோரத் துண்டில் 4,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது. 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம் நிலக்கரிக்காகவே பிறந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளக் கூடாது என்று 2011இல் உயர்நீதிமன்றம் சொன்னபோது, இராயபுரத்து வீடுகளின் மேல் படிந்த கரித்தூள் நின்றது. நிலக்கரி எண்ணூருக்கு இடம் மாறியது. வடசென்னையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு.

2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பல் கழிவால் நேர்ந்த கேட்டுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கியது. கழிமுகத்தைச் சீரமைக்கச் சொன்னது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்தது. படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் ஒட்டியது. மீனவர்கள் அதைக் கையால் அள்ளினார்கள். எண்ணெய் ஒட்டிய உடம்போடு வீட்டுக்கு வந்தவர் எந்த நீரில் கழுவியிருப்பார் என்று நிவாரணக் கணக்கு எழுதிய எந்த அலுவலகமாவது கேட்டதா?

சென்னையில் வெந்நீர் எதற்கு, குழாயைத் திறந்தாலே சுடுகிறதே என்று சொல்பவர்கள் உண்டு. இந்தச் சொல்லை அரசு அலுவலகங்களிலும் கேட்டிருக்கிறோம். சொல்பவர் வீட்டுக் குளியலறையில் கீசர் இருக்கிறது. அண்ணா நகர் அடுக்ககத்தில் ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு கீசர் இருக்கிறது. அங்கே யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. கேள்வி வடசென்னைக்கு மட்டும் வருகிறது.

எதற்கு என்று சொல்கிறோம். பிள்ளை பெற்ற உடம்புக்கு. தொப்புள்கொடி விழாத குழந்தைக்கு. மூட்டு வலியில் சுவரைப் பிடித்து நடக்கும் பாட்டிக்கு. காசிமேட்டில் விடியற்காலை முதல் ஐஸ் கட்டியிலும் மீனிலும் கை விறைக்க நிற்கும் பெண்ணுக்கு. நிலக்கரிக் கிடங்கிலும் கன்டெய்னர் முனையத்திலும் வேலை முடித்து, கரியும் கிரீசும் உடம்பில் ஒட்ட வீடு திரும்பும் தொழிலாளிக்கு. மார்கழியில் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்கு. கிரீசும் மீன் கவிச்சும் பச்சைத் தண்ணீரில் போகாது. இவர்களுக்கு வெந்நீர் ஆடம்பரம் இல்லை.

இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள்? நாளுக்கு 40 லிட்டர் நீரை 30 டிகிரி சூடேற்ற, கேஸ் அடுப்பில் ஏறத்தாழ 180 கிராம் எரிவாயு போகிறது. மாதம் ஐந்து கிலோவுக்கு மேல். 14.2 கிலோ சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். சோறு பொங்க வேண்டிய எரிவாயு குளிக்கப் போகிறது. அது கட்டுப்படியாகாதவர்கள் உடைந்த பலகையையும் படகுக் கட்டையையும் எரிக்கிறார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன காற்றில் அந்தப் புகையும் சேர்கிறது. ஊதி ஊதி எரிப்பது பெண்.

மற்றவர்கள் கடையில் சில நூறு ரூபாய்க்கு ஹீட்டர் ராடு வாங்கி வாளியில் தொங்கவிடுகிறார்கள். நில இணைப்பு சரியில்லாத பழைய குடியிருப்பு. ஈரத்தரை. வாளியில் கை வைத்து மின்சாரம் பாய்ந்து உயிர் போன செய்தி ஆண்டு தவறாமல் நாளிதழின் ஓர் ஓரத்தில் வருகிறது. அந்த மரணங்களைத் தடுக்கும் கருவி நாற்பது ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது.

வாடகை வீட்டில் இருப்பவர் நிலை இன்னும் மோசம். வீட்டு உரிமையாளர் உள்மீட்டர் வைத்து, ஈபி விகிதத்துக்கு மேல் யூனிட்டுக்கு வசூலிக்கிறார். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறுகிறது. குடும்பத்தை அந்தக் கோட்டுக்கு மேல் தள்ளுவது பல வீடுகளில் வெந்நீர்தான். 100 லிட்டர் கலன் ஆண்டுக்கு 1,500 யூனிட் வரை மிச்சப்படுத்தும் என்பது மத்திய அமைச்சகத்தின் கணக்கு. சென்னையின் வெப்பத்துக்கு அதில் பாதி என்று வைத்தாலும் 750 யூனிட். ஒரு மீனவக் குடும்பத்துக்கு அது பெரும் பணம்.

இனி, குடியிருப்பு வாரியத்துக்கு வருவோம். குடிசை மாற்று வாரியம் 1970இல் பிறந்தது. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. பெயர் மாறியது, குளியலறை மாறவில்லை. வாரிய வீட்டின் குளியலறைக்கு வழக்கமாக வருவது ஒரே குழாய். குளிர்நீர்க் குழாய். கட்டும்போதே சுவருக்குள் வெந்நீர்க் குழாய் பதித்தால் செலவு சிறிது. கட்டி முடித்த பின் சுவரை உடைத்துப் பதித்தால் செலவு பெரிது. அப்புறம் யாரும் பதிக்க மாட்டார்கள். ஆக, வெந்நீர்க் குழாய் இல்லாமல் இன்று எழும்பும் ஒவ்வொரு கட்டடமும் அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு அந்தக் குடும்பங்களுக்குக் கதவை அடைக்கிறது. இது பொறியாளருக்குத் தெரியும். வரைபடத்தில் கையெழுத்திட்டவருக்குத் தெரியும்.

நான்கு அடுக்கில் பதினாறு வீடுகள் உள்ள ஒரு பழைய வகைக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 50 லிட்டர் என்றால் 800 லிட்டர். தேவைப்படுவது பதினாறு சதுர மீட்டர் தகடு. மாடியின் பரப்போ நூறு சதுர மீட்டருக்குக் குறையாது. துணி உலர்த்தலாம். கருவாடு காய வைக்கலாம். இடம் மிச்சம் இருக்கும். இடம் இல்லை என்ற பதிலை ஏற்க முடியாது.

ஆனால் ஏதோ ஒன்றை வாங்கி மாடியில் நிறுத்தி, ரிப்பன் வெட்டிவிட்டுப் போகவும் விடமாட்டோம். இந்த ஊரின் தண்ணீர் வேறு. மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடியில் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. போர் தண்ணீர் உப்பு. அதைச் சூடாக்கினால் செம்புக் குழாயின் உள்ளே உப்பும் சுண்ணாம்பும் படிந்து அடைத்துக்கொள்ளும். இங்கே தகட்டில் நல்ல நீர் தனியாகச் சுற்றி, குளிக்கும் நீரைத் தொட்டிக்குள் சூடாக்கும் மறைமுக வகைதான் நிற்கும். இங்கே காற்று உப்புக் காற்று. சாதாரண இரும்புத் தாங்கி சில ஆண்டுகளில் துருப்பிடித்துச் சரியும். இங்கே கண்ணாடி மேல் சாம்பலும் கரித்தூளும் படியும். துடைக்க ஆள் வேண்டும். பராமரிப்புக்கு ஒப்பந்தம் வேண்டும். தட்டைத் தகட்டுக்கு ஐ.எஸ். 12933, வெற்றிடக் கண்ணாடிக் குழாய்க் கலனுக்கு ஐ.எஸ். 16544 என்று தரக்குறியீடுகள் இருக்கின்றன. ஒப்பந்தப்புள்ளியில் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் மூன்றாம் ஆண்டில் மாடியில் குப்பைதான் இருக்கும். அதன்பின் திட்டமே தோற்றது என்று கோப்பில் எழுதுவார்கள். தோற்பது கருவி இல்லை, வாங்கியவரின் கவனக்குறைவு.

பணம் இல்லை என்ற பேச்சுக்கு இடமே இல்லை. வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2023–24 நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கும்போது அது 4,000 கோடியைத் தாண்டியிருந்தது. மின்வாரியத்துக்கு இந்த மண்ணில் தீர்க்க வேண்டிய கடன் இருக்கிறது. துறைமுகங்களும் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலைகளும் சமூகப் பொறுப்பு நிதி வைத்திருக்கின்றன. அந்த நிதியில் பேருந்து நிழற்குடை கட்டிப் பெயர்ப்பலகை வைக்கிறார்கள். வெந்நீர்க் கலன் வைக்கட்டும்.

எரிசக்தித் துறைக்குச் சொல்கிறோம். 1985 முதல் இயங்கிய எரிசக்தி மேம்பாட்டு முகமையைப் பசுமை எரிசக்திக் கழகத்தில் கரைத்துவிட்டீர்கள். முகமை கரைந்தால் கடமை கரையாது. 2012இல் வாக்களித்த கட்டாய விதியின் இன்றைய நிலை என்ன என்று வெள்ளை அறிக்கை கொடுங்கள். இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவமனை, அரசு விடுதிகள் ஆகியவற்றின் மாடிகளில் எத்தனை சூரிய வெந்நீர்க் கலன்கள் இருக்கின்றன, எத்தனை ஓடுகின்றன, பழுதானவை எப்போது பழுதாயின என்று கட்டடம் வாரியாக வெளியிடுங்கள்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் மாநகராட்சிக்கும் சொல்கிறோம். பணி நிறைவுச் சான்று இல்லாமல் பெரிய கட்டடத்துக்கு மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடையாது என்ற அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். மாடியில் கலன் இல்லாத விடுதிக்கும் மண்டபத்துக்கும் சான்று கொடுத்த அதிகாரியிடம் விளக்கம் கேளுங்கள்.

வாழ்விட வாரியத்துக்குச் சொல்கிறோம். எர்ணாவூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, காசிமேடு, இராயபுரம் பகுதிகளில் இனி எழும் எந்தக் கட்டடத்திலும் வெந்நீர்க் குழாய் இல்லாத வரைபடத்துக்கு ஒப்புதல் தரக்கூடாது. இப்போது கட்டுமானத்தில் இருப்பவற்றில் பூச்சு வேலைக்கு முன்பே குழாயைப் பதியுங்கள். நாளை என்றால் சுவர் எழும்பிவிடும்.

மத்திய அரசுக்குச் சொல்கிறோம். 2014இல் நிறுத்திய மானியத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சூரிய வீடு திட்டத்தில் வெந்நீர்க் கலனைச் சேருங்கள். கூட்டுக் கூரைக்குக் கீழே வாழும் வாரியக் குடும்பங்களையும் வாடகைக்குக் குடியிருப்போரையும் பயனாளிகளாக ஏற்கும் விதியை எழுதுங்கள். சொந்தக் கூரை உள்ளவருக்கே சூரியன் என்றால், வடசென்னையின் பெரும்பான்மையர் வெளியேதான் நிற்பார்கள்.

மின் உற்பத்திக் கழகத்துக்கும் வல்லூர் நிலையத்துக்கும் சொல்ல வேண்டியது சிறிது. உங்கள் சாம்பல் குழாய்கள் எந்தெந்தக் குப்பங்களை ஒட்டி ஓடுகின்றனவோ, அந்தக் குப்பங்களின் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், செப்பாக்கம் என்று அதில் முதலில் வரும் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். வீட்டுக்கு ஒரு கலன், உங்கள் செலவில், உங்கள் பராமரிப்பில். அடுத்த மார்கழி பிறப்பதற்குள் எத்தனை வீடுகளில் பொருத்தினீர்கள் என்ற எண்ணிக்கையை ஊர் பெயரோடு வெளியிடுங்கள்.